அக்கா தங்கைகள் மூவர், உட்ரெக்ட்டில் ஒரு வீடு, 23 நாள்

அக்காவுக்கு 72 வயது, எனக்கு 66, தங்கைக்கு 61. மூவரும் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தைச் சுற்றி இருக்கிறோம். அக்கா சாட்ஸ்வர்த்தில் இருக்கிறாள், நான் டோங்காட்டில், தங்கை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். காரில் கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்விடலாம். ஆனாலும் கல்யாணம் ஆன பிறகு நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தாற்போல நாலு இரவு படுத்தது அம்மா இறந்தபோது மட்டும்தான். கல்யாணம், கருமாதி, காவடி, புரட்டாசிப் படையல் என்று கூடுவோம், சாப்பிடுவோம், இருட்டுவதற்குள் அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

அக்காவின் மகள் நர்ஸ் வேலைக்கு ஹாலந்து போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, உட்ரெக்ட் என்ற ஊரில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகள். அந்தப் பேத்தியை அக்கா போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தாள். மூட்டு வலி, சர்க்கரை, தனியாகப் பறக்கப் பயம் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் தங்கைதான் "மூணு பேரும் சேர்ந்து போயிடுவோம்" என்று பேச்சை ஆரம்பித்தாள். 2025 ஏப்ரல் 10ஆம் தேதி போய் இறங்கி, மே 3ஆம் தேதி திரும்பினோம்.

விஷயம் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பஸ் சுற்றுலாவைத்தான் சிபாரிசு செய்தார்கள். "அவ்வளவு காசு போட்டுப் போய் ஒரே ஊரிலா உட்காரப் போறீங்க?" என்று கேட்டார்கள். நாங்களும் அந்த விளம்பரத் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டி கட்ட வேண்டும், தினமும் ஒரு புது ஓட்டல். அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ள தூங்கி எழுந்திருக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்." அதற்கப்புறம் பேச ஒன்றுமில்லை. உட்ரெக்ட் வீட்டில் தங்குவது, போய்விட்டுத் திரும்பி வருகிற தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வயதானவர்களோடு ஐரோப்பா போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்து ஒரே அலமாரியில் இருக்கும், வலிக்கிற கால் தினமும் பழகிய படுக்கையில் நீளும்.

இனி விசா. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கட்டாயம் வேண்டும். கட்டணம் தலைக்கு 90 யூரோ, விசா மையத்துக்குத் தனியாகச் சேவைக் கட்டணம், மறுத்தாலும் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். எங்களால் அக்டோபரிலேயே தொடங்கியிருக்க முடியும். பொங்கல் போகட்டும் என்று ஜனவரி வரை விட்டுவிட்டோம், அதனால் நேர்காணல் நாள் கிடைப்பதற்கே தவிக்க வேண்டியதாயிற்று. எந்த நாட்டுக்கு சீக்கிரம் விசா கிடைக்கிறதோ அந்த நாட்டின் பெயரில் வாங்கிவிடுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்யக் கூடாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு ஹாலந்தில் 20 இரவு, பாரிஸில் 3 இரவு. ஆகவே ஹாலந்து.

ஓட்டலில் தங்காமல் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அந்த உறவினர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்தைத் தன் நகராட்சியில் உறுதி செய்து, அசல் காகிதத்தை நமக்கு அனுப்பி வைக்க வேண்டும். இதற்கே மூன்று வாரம் ஒதுக்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்லும்படி இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கு இந்தக் காப்பீட்டின் விலை ஏறிவிடும். அதைவிட முக்கியம், ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு அது செல்லுமா என்பது. அக்காவின் சர்க்கரையை முதலிலேயே எழுதிக் கொடுத்துத்தான் காப்பீடு எடுத்தோம். விசா கையில் வரும் வரை விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாமல் முன்பதிவு மட்டும் வைத்திருந்தோம்.

எங்களுக்கு இடி விழுந்தது வேறு இடத்தில். படிவம் கொடுத்தவள் அக்காவின் மகள். நானும் தங்கையும் அவளுக்குச் சின்னம்மா என்பதற்குச் சான்று கேட்டார்கள். மூவர் பிறப்புச் சான்றிதழையும் அடுக்கி வைத்துப் பார்த்தால், அப்பாவின் பெயர் மூன்றிலும் மூன்று விதமாக எழுதியிருக்கிறது. நேட்டாலில், அதாவது எங்கள் டர்பன் வட்டாரத்தில், இது எங்கள் வீட்டுக்கதை மட்டும் கிடையாது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பெயர் எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதப்பட்டது. அடுத்த தலைமுறைக்கு அடுத்த எழுத்தர் வேறு மாதிரி எழுதினார். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் அலைகிறார்கள். விசா வரிசையில் நின்றபோது, அப்பா யார் என்பதையே நான் நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு அடைத்தது. கடைசியில் காவல் நிலையத்துக்குப் போய், மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கி, அம்மா அப்பாவின் கல்யாணச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தோம். அது எடுபட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கும். இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், விசா வேளைக்காகக் காத்திருக்காதீர்கள்.

பெட்டி கட்டும்போது அக்கா தன் முற்றத்து மரத்திலிருந்து ஒரு கட்டு கறிவேப்பிலை பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். மகளுக்காக. நெய்யும் ஒரு போத்தல். எடுத்து வெளியே வைக்கும்படி ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பில்டாங் என்கிற நம் ஊர் உப்புக்கண்டம் கூடாது, நெய் கூடாது. ஒரு சில பழங்களைத் தவிர, பச்சை இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். மசாலாப் பொடி, மாங்காய் ஊறுகாய், துவரம் பருப்பு போன்றவை எந்தத் தொல்லையும் இல்லாமல் வந்தன. டர்பன் கடைகளில் 'மாமியார்' என்று பெயர் போட்டு விற்கிற அந்தச் சிவப்பு மசாலாவில் இரண்டு கிலோ கொண்டுபோனோம். மருந்துகளை டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் வைத்தோம். நம் ஊர்ப் பெரிய மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். சக்கர நாற்காலி உதவியை விமானம் கிளம்ப 48 மணி நேரம் முன்பாவது சொல்லி வையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாம் பதினொரு மணி நேரம், ராத்திரி விமானம். நம்மவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடை நேரம். அப்போது ஹாலந்துக் கடிகாரமும் தென்னாப்பிரிக்கக் கடிகாரமும் ஒன்றே. அக்காவின் மாத்திரை வேளை ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. மகளுக்கும் பேத்திக்கும் விடிகிற நேரத்தில்தான் எங்களுக்கும் விடிந்தது. சர்க்கரைக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் காரணத்துக்காகவே ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் போகலாம்.

உட்ரெக்ட்டில் முதல் சாயங்காலம் நடந்ததை எழுதாமல் போக முடியாது. அந்த நாட்டில் ஆறு மணிக்கே ராச்சாப்பாடு முடிந்துவிடுகிறது. சாப்பிட்ட பிறகு மகள், "சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வாங்களேன்" என்றாள். மணி எட்டு இருக்கும், இன்னும் வெயில். மாதக் கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிட்டது. மூன்று பெண்கள், கையில் பையோடு, ஆண் துணை இல்லாமல், கால்வாய் ஓரமாக நடந்தோம். சாட்ஸ்வர்த்தில் அக்கா வீட்டு வாசலுக்கு இரும்புக்கதவு, அதற்குள் இன்னொரு கதவு. சாயங்காலம் பால் வாங்கக்கூடக் காரில்தான் போவாள். பாதி வழியில் தங்கை நின்றுவிட்டாள். "அக்கா, நான் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறேன், பாரு" என்று கையைக் காட்டினாள். விரல்கள் வெளுத்திருந்தன. நாங்கள் மூவருமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் தண்ணீரைப் பார்த்தோம். நம் ஊரில் நம் பிள்ளைகளுக்கு இது கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த 23 நாளில் மழை பெய்யாத ஒவ்வொரு சாயங்காலமும் நடந்தோம்.

அந்த ஊரின் டோம் கோபுரம் 112 மீட்டர், 465 படி. நான் மட்டும் ஏறினேன். கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் வெறும் திடல். 1674இல் அடித்த புயலில் இரண்டையும் சேர்த்திருந்த நடுப்பகுதி இடிந்து விழுந்தது, திரும்பக் கட்டவே இல்லை. அந்தத் திடலில் இப்போது பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். எங்கள் பேத்தியும் அங்கேதான் விளையாடுவாள்.

அந்தக் குழந்தையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவளுக்கு டச்சு தெரியும், கொஞ்சம் ஆங்கிலம். 'ஆயா' என்ற ஒரு சொல்லைத் தவிரத் தமிழ் இல்லை. எங்கள் மூவருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆப்பிரிக்கான்ஸ் கட்டாயப் பாடம். டச்சிலிருந்து பிறந்த மொழி அது. ஆனால் அக்கா பள்ளியை விட்ட நாளிலிருந்து ஆப்பிரிக்கான்ஸில் ஒரு சொல் பேசியதில்லை. காரணம் எனக்குத் தெரியும். அப்பா டர்பன் நகராட்சித் தொழிலாளி, மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்து 60களில் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டவர். அக்காவுக்குப் பதினைந்து வயதில் ஒரு சாவுக்காக அவளை அழைத்துக்கொண்டு ரயிலில் ஜோகன்னஸ்பர்க் போனார். மாகாணம் விட்டு மாகாணம் போக இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1975 வரை அதுதான் நிறவெறி ஆட்சியின் சட்டம். நடு ராத்திரியில் ஏறிய அதிகாரி ஆப்பிரிக்கான்ஸில் அதட்ட, அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாராம். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உட்ரெக்ட்டில் மூன்றாம் நாள் காலை. பேத்தி ஒரு படப் புத்தகத்தை எடுத்துவந்து அக்கா மடியில் ஏறி உட்கார்ந்தாள். திறந்து வைத்துவிட்டு ஆயாவின் முகத்தையே பார்த்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் அக்காவின் குரல், மெதுவாக, பள்ளிக்கூட ஆப்பிரிக்கான்ஸில்: "டி மான்." நிலா. குழந்தை உடனே திருத்தினாள்: "டெ மான்." இரண்டு மொழியிலும் நிலாவுக்குச் சொல் ஒன்றுதான், முன்னால் வருகிற சுட்டு மட்டும் கொஞ்சம் வேறு. அக்கா திருப்பிச் சொன்னாள். அடுத்த பக்கம். தண்ணீர், வீடு, பால், ரொட்டி. ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தங்கை மட்டும் அந்தப் பக்கத்தில் மானைத் தேடிக்கொண்டிருந்தாள். தமிழில் மான் என்றால் என்ன என்று அக்கா குழந்தைக்குக் கையால் கொம்பு வைத்துக் காட்டினாள். அன்று ராத்திரி எங்களிடம், "அந்த மொழி என்ன பாவம் பண்ணிச்சு" என்று மட்டும் சொன்னாள்.

டர்பன்காரர்களுக்கு நடைமுறையாகவும் இது பெரிய உதவி. வழிகாட்டிப் பலகை, மருந்துக்கடை, ரயில் அறிவிப்பு எல்லாம் பாதிக்கு மேல் புரிந்துவிடும். வெளிவாசல் இங்கும் 'அய்ட்காங்', அங்கும் அதே. கடை 'விங்கெல்'. ரயில் தாமதம் என்றால் 'வெர்த்ராகிங்'. ஒன்றிரண்டு சொல் காலை வாரும். 'ஆம்பர்' என்றால் ஆப்பிரிக்கான்ஸில் கிட்டத்தட்ட. டச்சில் அதற்குப் பொருள் மட்டுமட்டாக, நூலிழையில் என்பது போல வேறு.

ரயிலில் வங்கி அட்டையையே தட்டி உள்ளே போகலாம், இறங்கும்போது மறுபடி தட்டி வெளியே வர வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். முதல் நாள் தங்கை தன் அட்டையைத் தனக்கு ஒரு முறையும் அக்காவுக்கு ஒரு முறையும் தட்டினாள். இரண்டாம் தட்டு, வெளியே போய்விட்டதாகப் பதிவாகிவிட்டது. இரண்டு பேரும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தது போல ஆயிற்று. பரிசோதகர் நல்ல மனுஷி, விளக்கிச் சொல்லி விட்டுவிட்டாள். இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள், அதை இணையத்தில் சரிசெய்து திரும்ப வாங்கலாம். சாலையில் சிவப்பாகத் தெரிவது சைக்கிள் பாதை, அதில் கால் வைக்கக் கூடாது. நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், தெருவைக் கடக்கும்போது வலப்பக்கம்தான் முதலில் பார்ப்போம். அங்கே வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவளே நிறுத்திவிடுவாள்.

டியூலிப் தோட்டமான கோகென்ஹோஃப் வருஷத்தில் எட்டு வாரம்தான் திறந்திருக்கும், மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. 32 ஹெக்டேர், சுமார் 70 லட்சம் பூங்கிழங்குகளை ஒவ்வொரு வருஷமும் கையாலேயே நடுகிறார்கள். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். அங்கே சக்கர நாற்காலி தருகிறார்கள். அக்கா அதில் உட்கார முதலில் ஒப்பவில்லை, வாசலிலேயே முகம் சுருங்கிவிட்டது. இதையெல்லாம் வீட்டிலேயே, முன்னாடி நாளே, மூவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வாசலில் வைத்துச் சொன்னது என் தவறு. உட்கார்ந்த பிறகு மூன்று மணி நேரம் பூக்களைப் பார்த்தாள். நடந்திருந்தால் முக்கால் மணி நேரம்தான்.

சண்டையும் வந்தது. ஆம்ஸ்டர்டாமில். நாஜிகளுக்குப் பயந்து யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும், ஆறு வாரம் கழித்து வருகிற நாட்களுக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள். டர்பனில் இருந்தே கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்து எடுத்தோம். உள்ளே படிகள் ஏணி மாதிரி செங்குத்து. அக்கா வெளியே காத்திருக்கிறேன் என்றாள். நாங்கள் வெளியே வந்ததும் தங்கை, "இன்னும் ஒரே ஒரு மியூசியம்" என்றாள், நானும் தலையாட்டினேன். குளிர்காற்றில் பெஞ்சில் மொத்தம் மூன்று மணி நேரம் அக்கா தனியாக இருந்தாள். திரும்பும் ரயிலில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நான் உங்களுக்கு மூட்டையாயிட்டேன்" என்றாள். தங்கை அழுதுவிட்டாள். அன்று ராத்திரி மூவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பேசி மூன்று விஷயம் தீர்மானித்தோம். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். அக்காவால் ஏற முடியாத இடத்துக்கு அவள் வரமாட்டாள், வீட்டில் பேத்தியோடு இருப்பாள், அதில் யாருக்கும் குறை இல்லை. மூன்று நாளுக்கு ஒரு நாள் யாரும் எங்கும் போவதில்லை. அதற்கப்புறம் ஒரு குரலும் உயரவில்லை. ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பு, அப்படி வீட்டில் இருந்த ஒரு நாள்தான். பருப்பும் பாயசமும் வைத்து, மருமகனுக்குக் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக் கொடுத்தோம்.

அதற்குக் காய் வாங்கப் போன கடையைச் சொல்ல வேண்டும். 'டோக்கோ' என்று கேளுங்கள், ஆசியச் சாமான் கிடைக்கும். நாங்கள் போன கடைக்காரம்மாவின் குடும்பம், தென் அமெரிக்காவில் முன்பு டச்சுக்காரர்கள் ஆண்ட சுரினாமிலிருந்து வந்தது. அவர்களுடைய முன்னோர்களும் 1873 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். நீட்டுப் பயத்தங்காயும் பாகற்காயும் நிறுத்துக்கொண்டே, "உங்களுக்கும் ஐந்து வருஷ ஒப்பந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு கட்டு கொத்தமல்லியைக் காசு வாங்காமல் பையில் போட்டார்.

லெய்டன் ஊருக்கு நான் மட்டும் ஒரு நாள் போய் வந்தேன். டோங்காட்டில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறவள் நான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜ சோழன் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளுக்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர் ஆகிவிட்டது, டச்சுக்காரர்கள் எடுத்துப்போய் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்ததால். மொத்தம் 21 ஏடு, தமிழும் வடமொழியும். நூலகத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஏப்ரல் 18 பெரிய வெள்ளி. எங்கள் பக்கத்தில் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா. நம் பாட்டன்மார்களுக்கு லீவு கிடைத்தது அந்த நாட்களில்தான், அதனால்தான் அப்படி அமைந்தது என்று அப்பா சொல்வார். அக்கா ஒரு வருஷமும் விட்டதில்லை. அவள் மனசு அல்லாடுவதைப் பார்த்து மகள், ஜெர்மனியில் ஹாம் ஊரில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது, போய் வாருங்கள் என்றாள். உட்ரெக்ட்டிலிருந்து டூயிஸ்பர்க்கில் மாறி மூன்று மணி நேரம். போகும்போது முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயில் தவறிவிட்டது. பயந்துபோனோம். மலிவு விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் தாமதம் அவர்களால் வந்தது என்றால் அடுத்த ரயிலில் அதே டிக்கெட்டில் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கால் பங்குப் பணமும், இரண்டு மணிக்கு மேல் பாதியும் திரும்பக் கேட்கலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஹாம் ஸ்டேஷனிலிருந்து டாக்சியில் போனால் தொழிற்பேட்டை. கிடங்குகள், தூரத்தில் மின்நிலையம். என்னடா இது என்று நினைக்கும்போதே 17 மீட்டர் ராஜகோபுரம் கண்ணில் படுகிறது. ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு ஆனது, ஈழத்தமிழர்கள் கட்டியது. அக்கா செருப்பைக் கழற்றும் முன்பே கும்பிட ஆரம்பித்துவிட்டாள். உள்ளே ஓர் அம்மா கேட்டார்: "எங்கயிருந்து வாறியள்?" தென்னாப்பிரிக்கா என்றோம். "அங்க தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" நம் ஆட்களை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்கள் வந்து நாப்பது வருசமாகுது, பிள்ளையளுக்குத் தமிழ் நிக்குமோ எண்டு பயம். நீங்கள் நூற்றறுபது வருசம் கழிச்சும் கதைக்கிறியள்." தங்கைக்கு அவர் பேசியது பாதிதான் புரிந்தது. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவள் அவள், எங்களிடமும் அதில்தான் பேசுவாள். "எனக்கு வராது அம்மா" என்று அந்த ஒரு வரியைத் தமிழில் சொன்னாள். "வரும், வரும். இருங்கோ, சாப்பிட்டுப் போங்கோ" என்றார் அந்த அம்மா. திரும்பும் ரயிலில் தங்கை என்னிடம், ஊருக்குப் போனதும் உன் சனிக்கிழமை வகுப்பில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றாள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டோங்காட்டுக்கு இப்போது வந்துகொண்டுதான் இருக்கிறாள். உயிர்மெய் முடித்துவிட்டாள்.

பாரிஸ் மூன்று இரவு, ராட்டர்டாமில் மாறிப் போனோம். லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். தெரியாமல் செவ்வாய்க்கிழமை போய் நின்றோம். தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர்தாம் தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, கல் முழுக்கப் புதுசாக வெளுத்திருக்கிறது. லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள், இடியப்பம், கொத்து ரொட்டி. மெட்ரோவில் என் சின்னப் பர்ஸைக் காணோம், அறுபது யூரோ போயிற்று. கடவுச்சீட்டு உடம்போடு கட்டிய பையில் இருந்ததால் தப்பித்தோம்.

காசுக்கு நாங்கள் செய்தது நன்றாக வேலை செய்தது. ஆளுக்கு 400 யூரோ ஒரு பொதுப்பையில் போட்டோம். ரயில், டிக்கெட், காய்கறி எல்லாம் அதிலிருந்து. தங்கைதான் கணக்கு. அப்போது ஒரு யூரோ சுமார் 21 ராண்ட். முதல் வாரம் ஒவ்வொரு காபியையும் பெருக்கிப் பார்த்துக் குடிக்காமலே வந்தாள் அக்கா. பொதுப்பை வந்த பிறகு பெருக்குவது நின்றது. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், வாங்க வேண்டாம். ஸ்டேஷன் கழிப்பறைக்குக் காசு, அட்டையிலும் கட்டலாம். இரண்டாம் வாரம் அக்காவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. அங்கே நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் இல்லை, முதலில் அந்தப் பகுதிக் குடும்ப டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. டாக்டருக்குக் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தோம், ஊருக்கு வந்து காப்பீட்டில் வாங்கினோம்.

கிளம்புகிற அன்று காலை குழந்தை தூங்கி எழுந்தபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். முந்தின ராத்திரி முழுக்க அந்த அறையிலேயே இருந்தாள் என்று மகள் பிறகு சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறார்கள். அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. அதனால் ஒன்பது மணிக்குப் பதிலாகப் பத்து மணிக்கு என்று அக்கா நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாள். சாட்ஸ்வர்த் நூலகத்தில் குழந்தைகளுக்கான ஆப்பிரிக்கான்ஸ் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றனவாம். வாரம் ஒன்று எடுத்து வருகிறாள். சனிக்கிழமை ராத்திரி சத்தம் போட்டு ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.